பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் ஓம்

நம் இல்லங்களில் மின்விளக்கு எரிகின்றது. அதில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று கணித்தறியும் விதியை உலகிற்கு அளித்தவர் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மைந்தராவார். அவரே ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம். நம் இளைஞர்கள் கற்கவேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். எனினும் தாமே முயன்று கற்றவர். பூட்டுச் செய்த கைகளாலேயே தம் மக்களுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பித்தார். பத்து வயதில் தாயை இழந்த ஓமுக்குத் தந்தையே நல்லாசானாக விளங்கினார். தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் புகழ்பெற்ற கணித அறிஞரானார்.

1805இல் பல்கலைக்கழகம் புகுந்த ஓம், மூன்று பருவங்களே பயின்று விலகினார். சுவிட்சர்லாந்தில் ஆசிரியப் பணிபுரிந்து, மீண்டும் முயன்று 1811இல் முனைவர் பட்டம் பெற்றார். 1817இல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். ஓய்வு நேரங்களில் ஆய்வு செய்தார். தந்தையிடம் பயின்ற கைத்தொழில் அவருக்குத் துணைநின்றது. கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

அக்கால மின்கலங்கள் நிலையான மின்னோட்டம் தரவில்லை. ஆகவே, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னோட்டம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி அளந்து, மின்னழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் மிகும், மின்தடை மிகுந்தால் அது குறையும் என நிறுவினார். 1827இல் இதனை நூலாக வெளியிட்டார்.

இவ்விதியை நாம் ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். 4 ஓம், 12 ஓம் மின்தடைகள் இரண்டையும் 12 வோல்ட் மின்கல அடுக்குடன் தொடர் இணைப்பில் சேர்த்தால், மொத்தத் தடை 16 ஓம். இரண்டிலும் பாயும் மின்னோட்டம் ஒன்றே, 0.75 ஆம்பியர். பக்க இணைப்பில் சேர்த்தாலோ, ஒவ்வொன்றும் முழு 12 வோல்ட்டையும் பெறும். ஒன்றில் 3, மற்றதில் 1, ஆக 4 ஆம்பியர் பாயும். இங்கு மொத்தத் தடை 3 ஓமே.

விழாப் பந்தலில் தொடராகக் கட்டிய சிறு விளக்குகளில் ஒன்றின் இழை அறுந்தால் வரிசை முழுதும் இருளும். வீட்டு விளக்குகள் பக்க இணைப்பில் உள்ளமையால் ஒன்று அணைந்தாலும் பிற எரியும். ஆனால் ஒரு விளக்கை இயக்கும் விசையும், மின்னோட்டம் மிகுந்தால் உருகும் உருகியும் தொடரிலேயே அமையும்; அப்போதுதான் அவை மின்னோட்டத்தைத் தடுக்க இயலும்.

இத்தகைய அரிய கண்டுபிடிப்பைச் சொந்த நாட்டினர் உடனே போற்றவில்லை. கொலோன் பணியைத் துறந்த ஓம், பல்லாண்டுகள் எளிய ஆசிரியராகவே உழன்றார். 1841இல் இலண்டன் அரசக் கழகம் கோப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1852இல், தம் 63ஆம் வயதில், மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்; 1854இல் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு, மின்தடையின் அலகிற்கு அவர் பெயரையே சூட்டியது.

பெற்றோர் பள்ளி காணாதவர் என்பதற்காக நம் இளைஞர் எவரும் மனந்தளர வேண்டுவதில்லை. தாம் கற்றதைத் தம் மக்களுக்கு ஊட்டிய அப்பூட்டுத் தொழிலாளியை நாம் நினைவில் கொள்வோம். கற்றவர் ஒவ்வொருவரும் மாலையில் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ கற்பிப்போமாயின், ஓமுக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.