யாழைத் தவமாக்கிய அடிகளார்

கிண்ணியாவிலிருந்து எம் கல்லூரிக்கு வந்து கற்ற பழைய மாணவர் 'பாதை' என்னும் சொல்லை மறந்திரார். 2009ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படுமுன், துறையிலே மக்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்த்த மிதவைக்குக் கீழ்மாகாணத்தார் வழங்கிய பெயர் அது. கலையும் கடத்துவிக்கும் ஒரு பாதையே என்பது யப்பானியர் கொள்கை. தேநீர் வழங்கல், மலர் அமைத்தல், தூரிகையால் எழுதல் ஆகிய கலைகளின் பெயர்களை அவர் 'தோ' என்று முடிப்பர். வழி என்பது அதன் பொருள். கை பழகப் பழக மனம் அடங்கும் என்பது அவர் கண்ட உண்மை. இவ்வுண்மைக்கு எம் நாட்டிலே சான்றாக வாழ்ந்தவர் விபுலானந்த அடிகளார்.

மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவிலே, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக 1892இல் அவர் தோன்றினார். பிள்ளைப் பருவத்துப் பெயர் மயில்வாகனன். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலே தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியைத் துறந்து 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டார். மறுவருடம் திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அடிகளாரின் கல்வித்தொண்டு எமக்குக் கிட்டியது அக்காலத்திலேயாம்.

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியரானார். இமயமலை மாயாவதி ஆச்சிரமத்திலே 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனை பணிகளினிடையே அவர் நெஞ்சு பற்றிநின்ற பொருள் ஒன்று; அது யாழ்.

யப்பானியக் கலை பயில்வார்க்கு முன்னே ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவருக்கு அவருடைய ஆசிரியர் இருந்திருப்பார். யாழுக்கோ அத்தொடர்ச்சி அறுந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. இசைத்துக் காட்ட ஒருவரும் இலர். கேட்டறிந்த செவியும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் 25 அடிகளையே அடிகளார் ஆசானாகக் கொண்டார். வீணையில் ஒரு நரம்பே மெட்டுகளின்மேற் பல சுரங்களைத் தரும். யாழிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு நரம்பு வேண்டும். ஆகவே நரம்புகளின் அளவை அறிந்தாலன்றி யாழை அறிதல் இயலாது. குரலுக்கு இளி ஒன்றரை மடங்கு அதிர்வுடையது என்னும் அளவு முதலியவற்றைக் கொண்டு, குரல் முதல் தாரம் ஈறாகிய ஏழிசையையும் கணித்தார். பாலைகள் திரியும் முறையையும் தேவாரப் பண்களையும் ஆராய்ந்தார். கற்ற விஞ்ஞானமும் கற்ற தமிழும் ஒருங்கே துணைநின்றன.

துறவிக்கு நரம்புக் கணக்கு எதற்கென்று ஐயுறுவாரும் உளராகலாம். தவறிய கணக்கைத் தயங்காது கைவிட்டு மீண்டும் தொடங்குதற்கு, யான் எனது என்னும் செருக்கு அடங்கவேண்டும். கேளாத ஒலியை நாடிப் பல்லாண்டு உழைத்தற்குப் பயன் கருதாத உள்ளம் வேண்டும். துறவு வேண்டுவனவும் இவையேயன்றோ? ஆதலின் அடிகளார் தவத்தை விட்டு இசையிற் புகுந்தாரல்லர். இசையிலும் தவத்தையே செய்தார் என்று நாம் கொள்வோம்.

அத்தவத்தின் கனியாகிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக, 1947 யூன் 5, 6ஆம் நாட்களிலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளார் கணித்த முறையில் அமைந்த யாழ்களும் அவ்வவையில் விளங்கின. உடல் நலிந்திருந்த அடிகளார் ஆறே வாரங்களில், யூலை 19ஆம் நாள், கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், தாம் உருவாக்கிய சிவானந்த வித்தியாலயச் சூழலில் அடக்கஞ்செய்யப்பெற்றது.

நூல் நிலைத்தது, ஆயினும் யாழ் பயில்வோர் தொகை மிகச் சிறிதே. மிதவையைச் செய்து துறையிற் கட்டிச் சென்றார் அடிகளார். ஏறுவார் இன்றேல் மிதவை என்செய்யும்? கல்லூரியின் விழாக் கொண்டாடும் நாம் அவர் படத்திற்கு மாலை சூட்டுவதோடு அமையாது, எம் மாணவர் சிலரையேனும் யாழ் நரம்பைத் தொடச் செய்வோமாயின், அதுவே அவர்க்கு நாம் செலுத்தும் கைம்மாறாகும்.