நீச்சல் ஜட்டியோடு மணிக்கு 150 மைல்!

உடம்பில் ஒரு நீச்சல் ஜட்டி. தலையில் குளிக்கும்போது போடும் தொப்பி. காலில் இரவல் வாங்கிய கான்வாஸ் ஷூ. அவ்வளவுதான்!

சட்டை இல்லை. கையுறை இல்லை. ஹெல்மெட்டும் இல்லை.

இந்தக் கோலத்தில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கு 150 மைல் வேகத்தில் பறந்தார். கிலோமீட்டர் கணக்கில் சொன்னால் 242. அப்போது அவருக்கு வயது 47.

பெயர் ரோலி பிரீ. அமெரிக்கர். இடம், யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புத் திடல். நாள், 1948-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி.

கிறுக்குப் பிடித்த ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு மைலுக்கும் கணக்குப் போட்டு வேலை செய்தவர்.

ஆகாத கம்பெனி

ரோலி பிரீ பிறந்தது 1900-ம் ஆண்டு. இளவயதிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கிவிட்டார். ஓட்டியது, விற்றது எல்லாம் "இந்தியன்" என்ற அமெரிக்க வண்டி. பெயர்தான் இந்தியன். நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்தக் கம்பெனிக்குப் பரம எதிரி ஹார்லி டேவிட்சன். ரோலிக்கும் ஹார்லி என்றாலே ஆகாது. அந்தப் பகையை அவர் கடைசி வரை மறைத்ததும் இல்லை, விட்டதும் இல்லை.

கார் பந்தயத்தையும் விட்டுவைக்கவில்லை. புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் 1930-லும் 1947-லும் கார் ஓட்டினார். நடுவில் 1938-ல் டேடோனா கடற்கரை மணலில், தானே தயார் செய்த இந்தியன் வண்டியில் சாதனைகள் செய்தார்.

பிறகு யுத்தம் வந்தது. ராணுவ விமானங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். அவரைப் போட்ட இடம் யூட்டா மாநிலத்தில் இருந்த ஹில் விமானத் தளம். அங்கே இருந்தபோதுதான் பான்வில் உப்புத் திடலை முதன்முதலாகப் பார்த்தார்.

கண்ணுக்கு எட்டிய வரை ஒரே வெள்ளை. மரம் கிடையாது, செடி கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. ஒரு காலத்தில் அங்கே கடல் போல ஏரி இருந்தது. தண்ணீர் வற்றிப்போய் உப்பு மட்டும் பாளம் பாளமாக இறுகிக் கிடக்கிறது. வேகப் பந்தயக்காரனுக்கு அதைவிட நல்ல மைதானம் ஏது?

பணக்காரரின் ஆசை

யுத்தம் முடிந்தது. ரோலி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் குடிபோனார். அங்கே ஜான் எட்கர் என்ற பணக்காரர் அவருக்குக் கூட்டாளியாக வந்தார். வேகம் என்றால் உயிரை விடுபவர்.

அப்போது அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் வேக சாதனை மணிக்கு 136 மைல். 1937-ல் டேடோனாவில் ஜோ பெட்ராலி செய்தது. எந்த வண்டியில்? ஹார்லியில்!

ரோலி சும்மா இருப்பாரா?

இந்தியன் வண்டியால் அதை முறியடிப்பது கஷ்டம் என்று தெரிந்துவிட்டது. எட்கர் இங்கிலாந்துக்கு ஆர்டர் கொடுத்தார். ஸ்டீவனேஜ் என்ற ஊரில் வின்சென்ட் என்று ஒரு சின்ன கம்பெனி இருந்தது. முதலாளி பிலிப் வின்சென்ட். பிரதான என்ஜினீயர் ஆஸ்திரேலியாக்காரர் பில் இர்விங். இருவரும் சேர்ந்து உருவாக்கிய வண்டி அந்தக் காலத்தில் உலகத்தையே அசத்தியது.

இரண்டு சிலிண்டர். 998 சி.சி. மற்ற வண்டிகளில் என்ஜினைத் தாங்க குழாய் சட்டம் இருக்கும். இதில் அது கிடையாது. என்ஜினே சட்டம்! மேலே முதுகெலும்பு மாதிரி ஒரு பெட்டி. அதுதான் ஆயில் டேங்க். முன் சக்கரமும் பின் சக்கரமும் இவற்றோடேயே மாட்டப்பட்டிருக்கும். வீண் எடை ஒரு ராத்தல் கூட கிடையாது.

"பிளாக் ஷேடோ" என்ற மாடல் கடையில் வாங்கி அப்படியே ஓட்டினால் 125 மைல் போகும். எட்கருக்கு அது போதாது. அதற்கும் மேலே ஒன்று வேண்டும் என்றார்.

கம்பெனி தன் வண்டியைப் பிரித்துப் போட்டது. விளக்கைக் கழற்றியது. இரும்பு இருந்த பல இடங்களில் லேசான உலோகம் போட்டது. வால்வுகளை அதிகம் திறக்க வைக்கும் பந்தய கேம், பெரிய கார்புரேட்டர்கள் எல்லாம் பொருத்தியது. எரிபொருள் பெட்ரோல் அல்ல, மெத்தனால். அது என்ஜின் சூட்டைத் தணிக்கும். சக்தியும் கூடும். ஆனால் வண்டி அதைக் குடம் குடமாகக் குடிக்கும்!

கப்பல் ஏற்றுவதற்கு முன்பு விமான ஓடுதளம் ஒன்றில் ஓட்டிப் பார்த்தார்கள். 140 மைலைத் தாண்டியது. அதற்கு மேல் போக ஓடுதளத்தில் இடம் இல்லை. "பிளாக் லைட்னிங்" என்று பின்னால் பெயர் பெற்ற ரகத்தில் இதுதான் முதல் வண்டி.

காற்று என்ற எதிரி

பான்வில் திடல் கடல் மட்டத்துக்கு மேல் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசு. என்ஜினுக்கு மூச்சு முட்டும். அதற்கு ஏற்ற மாதிரி கார்புரேட்டரைத் திருத்த வேண்டும். உப்பின் மேல் டயர் வழுக்கவும் வழுக்கும்.

இதை எல்லாம் விடப் பெரிய எதிரி எதிர்க்காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைக் கிழித்துப் போக என்ஜின் எட்டு மடங்கு உழைக்க வேண்டும்.

ரோலிக்கு இது அத்துபடி. ஆகவே சீட்டையே கழற்றிப் போட்டார். பின் சக்கரத்து மட்கார்டு மேல் வயிற்றை வைத்துப் படுத்தார். கால் இரண்டையும் வால் மாதிரி பின்னால் நீட்டினார். உப்பில் போட்டிருந்த கறுப்புக் கோடுதான் வழிகாட்டி.

தோல் உடை போட்டுக்கொண்டு முதலில் ஓட்டினார். 147 மைல் வந்தது. ஹார்லியின் சாதனை தூள் தூள்!

வேறு ஆளாக இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருப்பார். ரோலிக்கு 150 வேண்டும். பாக்கி மூன்று மைல். கேட்க அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த மூன்று மைலுக்கு என்ஜின் சக்தி 6 சதவீதம் கூட வேண்டும். உப்புத் திடலில் நின்றுகொண்டு அதற்கு எங்கே போவது?

தோல் உடையைப் பார்த்தார். காற்று அதைக் கிழித்திருந்தது. கிழிந்த இடம் எல்லாம் படபடவென்று அடித்து வேகத்தைப் பிடித்து இழுத்திருக்கிறது.

கழற்றி எறிந்தார்!

ஜட்டியோடு போய் வண்டி மேல் படுத்தார். உப்புத் தரை பார்க்கத்தான் வழவழப்பு. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அந்த வேகத்தில் விழுந்திருந்தால் உடம்பில் தோல் மிஞ்சாது. உயிர் மிஞ்சியிருந்தால் அதிசயம். அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு மைல் தூரத்தை ஏறத்தாழ 24 வினாடியில் கடந்தார். வேகம் 150.313 மைல். புது அமெரிக்க சாதனை!

இது உலக சாதனை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹென்னே 1937-லேயே 173 மைல் தொட்டிருந்தார். ஆனால் அவர் வண்டிக்கு சூப்பர்சார்ஜர் உண்டு, காற்றைக் கிழிக்க உலோகக் கூடும் உண்டு. ரோலியிடம் இருந்தது ஒரு ஜட்டி!

அந்தப் போட்டோ

ரோலி படுத்தபடி பறக்கும் போட்டோ உலகம் எல்லாம் சுற்றியது. மோட்டார் சைக்கிள் உலகத்தில் அதைவிடப் பிரபலமான படம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. வின்சென்ட் கம்பெனியும் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது.

அதோடு ரோலி ஓயவில்லை. 1950-ல் 156 மைல். 1953-ல் 160 மைல். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கம்பெனிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. பேர் இருந்தது, லாபம் இல்லை. 1955-ல் மோட்டார் சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டது. பிளாக் லைட்னிங் வண்டிகள் மொத்தமே சுமார் 30 தான் செய்திருப்பார்கள். அதில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 9 லட்சத்து 29 ஆயிரம் டாலர்!

ரோலி பிரீ 1984-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். நியூசிலாந்தில் இருந்து பழைய இந்தியன் வண்டியோடு பான்வில்லுக்கு வந்த பர்ட் மன்ரோவின் கதை 2005-ல் சினிமாவாக வந்தது. அதில் ரோலியும் ஒரு பாத்திரமாக வருகிறார். சினிமாவில் முழு உடுப்போடுதான் வருகிறார்!