கல்லைக் குனிந்து எடுத்தவர்!

செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகனைத் தரிசிக்கச் செல்பவரா நீங்கள்? அப்படியென்றால் வழியில் சோழவரத்தைக் கடந்திருப்பீர்கள். அங்குள்ள ஏரிக்கு, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வழியே தண்ணீர் தருவது கொசஸ்தலை ஆறு. சொந்த வீடு அமைய வேண்டும் என்று முருகனிடம் மன்றாடுகிறோமே... இதே ஆற்றுப் படுகையில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் ஆங்கிலேயர். பெயர், ராபர்ட் புரூஸ் ஃபுட்.

1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்த ஃபுட், 24 வயதில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறையையும் மண்ணையும் ஆராய்ந்து வரைபடம் தயாரிப்பது அவர் வேலை. இங்கே அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. இந்த பெர்சிவல் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் பைபிளைத் தமிழாக்கியபோது, சைவம் வளர்த்த ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்!

1863, மே 30. பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்பு மைதானத்துச் சரளைக் குழியில் ஒரு கல், ஃபுட்டின் கண்ணில் பட்டது. எத்தனையோ பேர் மிதித்து நடந்த இடம்தான். அவரோ குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானாக உடைந்த கல் அல்ல அது. விளிம்பு கூராகும்படி மனிதக் கை செதுக்கிய கருவி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான்.

நான்கே மாதங்களில், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக்கு வந்தார் ஃபுட். பூண்டிக்கு அருகில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஓடைக்கரையெங்கும் கைக்கோடாரிகள்! அவற்றின் வயதைக் கணக்கிட அன்று வழியில்லை. 2011-ல் வெளியான ஆய்வு, சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சொன்னபோது உலகமே வியந்தது.

ஃபுட்டின் வாழ்க்கையில் துயரமும் உண்டு. மனைவி இளம் வயதிலேயே காலமானார். ஆனாலும் அவரது தேடல் நிற்கவில்லை. பணிக்கு இடையே 40 ஆண்டுகள் சேர்த்த கற்கருவிகளும் பானை ஓடுகளும் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. முதுமையில் ஏற்காட்டில் வசித்தபடி அவற்றுக்குப் பட்டியல் தயாரித்தார். அது அச்சேறியதைப் பார்க்க அவர் இல்லை. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் உயிர் பிரிந்தது. அவரது அஸ்தி ஏற்காட்டு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அத்திரம்பாக்கத்துக்கு அருகில்தான் குடியம் குகை. ஆதிமனிதர்கள் ஒதுங்கிய அந்தப் பாறை நிழலில், இன்று ஊர் மக்கள் அம்மனை வைத்துக் கும்பிடுகிறார்கள். கல்லை வெறும் கல்லாகப் பார்க்காத மண் அல்லவா இது! எங்கிருந்தோ வந்த ஃபுட்டும் அப்படித்தான் பார்த்தார். சரளைக்காகத் தோண்டும் குழிகளிலும், வீட்டுக்குக் கொட்டும் மண்ணிலும் இந்தச் செல்வம் சத்தமில்லாமல் அழிந்துவிடக்கூடும்.

அடுத்தமுறை சிறுவாபுரி தரிசனம் முடிந்ததும், குழந்தைகளோடு பூண்டிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்குள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்க்கலாம். குடியம் சென்றால், அம்மனை வணங்கிவிட்டு, அங்கே கிடக்கும் கற்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் முன்னோர் கைபட்ட கற்கள் அவை!