போக்கஸ் தவறிய லென்ஸும் பெயர் எழுதப்படாத முகங்களும்

பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே சென் மேரிஸ் என்ற சிறிய ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. அதன் வளவில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவனை எங்களுக்குச் சரித்திரப் பாடத்தில் தெரியும். கோல்புறூக் - கமரூன் ஆணைக்குழுவில் வரும் அந்தக் கமரூன்தான் அவர். கண்டி இராச்சியப் பகுதிகளுக்கு இருந்த தனி நிர்வாகத்தை முடித்து, முழுத் தீவையும் ஒரே ஆட்சியின் கீழ் 5 மாகாணங்களாக்கிய 1833 சீர்திருத்தத்தின் பின்னால் இருந்த இருவரில் ஒருவர். அதன் விளைவுகளைப் பற்றி எங்கள் அரசியல் கட்டுரைகள் இன்றும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பக்கத்தில் கிடக்கும் மனைவியைப் பற்றி இங்கே பேசுபவர்கள் குறைவு. ஆனால் உலகம் கணவனை மறந்து மனைவியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஜூலியா மார்கிரட் கமரூன். ஒளிப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அவருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்காமல் விட முடியாது.

1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி, தாய் பிரெஞ்சுப் பிரபு குடும்பத்து வழித்தோன்றல். படித்தது பெரும்பாலும் பிரான்ஸில். 1836இல் உடல்நலம் தேற நன்னம்பிக்கை முனைக்குப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் அவரைவிட 20 வயது மூத்த சட்ட அறிஞர் சார்ள்ஸ் ஹே கமரூன். 1838இல் கல்கத்தாவில் அவரையே மணந்தார். மற்றவர் வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ' இரசாயனத்தை ஒளிப்படத்துக்குத் தந்தவர் இந்த ஹேர்ஷல்தான். ஒளிப்படம் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்த காலத்தில், அதன் மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு ஜூலியாவின் பார்வைக்கு அனுப்பிவைத்தார். ஆனாலும் ஜூலியா கமராவைக் கையில் எடுக்க இன்னும் 20 வருடங்கள் போகவேண்டியிருந்தது.

1848இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள். அதன் வருமானத்தில்தான் சீவியம். 1860இல் வைட் தீவில் பிரெஷ்வோட்டர் என்ற இடத்தில் கவிஞர் டெனிசனின் அயலில் வீடு வாங்கி, மலையகத்துத் தோட்டத்தின் நினைவாக அதற்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் திம்புள்ளதான் அங்கே டிம்போலா ஆனது. இன்று அந்த வீடு ஒரு அருங்காட்சியகம்.

1863 டிசம்பரில், கணவர் இலங்கையில் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்த நேரம், தனிமையில் இருந்த தாய்க்கு மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது. வளவில் இருந்த கோழிக்கூடு கண்ணாடி வீடாகி ஸ்ரூடியோ ஆனது. நிலக்கரி அறை இருட்டறை ஆனது. கோழிகளுக்கு என்ன நடந்தது என்பது வேறு கதை.

அந்தக் கமராவோடு வந்த லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஜாமின் என்ற பிரெஞ்சுக்காரரின் தயாரிப்பு. குவியத் தூரம் 12 அங்குலம். அந்தக் காலத்து முகப்பட லென்ஸ்கள் பெரும்பாலும் 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த முறையில் செய்யப்பட்டவை. வெளிச்சத்தை நன்றாக உள்ளே விடும், நடுவில் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கிச் சுழலும். பெரிய கண்ணாடித் தகட்டில், கிட்டத்தில் வைத்து முகத்தை எடுத்தால், கண் தெளிவாக இருக்கும்போது காது தெளிவில்லாமல் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஈரக் கொலோடியன் பூசிய தகடு நீலம், ஊதா, புறஊதா ஒளிக்குத்தான் முகம் கொடுக்கும். எங்கள் கண்ணோ மஞ்சளையும் பச்சையையும்தான் கூடுதலாக உணரும். சரியாகத் திருத்தப்படாத லென்ஸில் நீல ஒளி மஞ்சளைவிடச் சற்று முன்னாலேயே குவிந்துவிடும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் முகத்தை நன்றாகப் போக்கஸ் செய்து எடுத்தாலும், தகட்டில் அது தவறிப்போய் விழும். அனுபவமுள்ள படப்பிடிப்பாளர்கள் இதைச் சோதித்துப் பார்ப்பார்கள். வெவ்வேறு தூரங்களில் இலக்க அட்டைகளை நிறுத்தி, நடுவில் உள்ளதைப் போக்கஸ் செய்து ஒரு படம் எடுப்பார்கள். எந்த இலக்கம் கூராக விழுந்ததோ அதை வைத்து அந்த லென்ஸுக்கு எவ்வளவு நகர்த்தவேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள்.

இன்று எங்கள் இளைஞர்கள் பலர் பழைய மனுவல் லென்ஸ்களைத் தேடி வாங்கி, அடப்டர் போட்டு மிரர்லெஸ் கமராவில் மாட்டுகிறார்கள். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44இன் பின்னணிச் சுழலுக்காகவே அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 2013இல் லோமோகிராபி நிறுவனம் பெட்ஸ்வால் லென்ஸையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. பழைய லென்ஸ் மாட்டியதும் கமரா படம் எடுக்க மறுத்தால், பெரும்பாலும் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயங்கவிடும் தெரிவு மெனுவில் மூடிக்கிடக்கும். தூரத்து மரம் எப்போதும் மங்கலாகவே விழுந்தால் அடப்டரின் தடிப்பைச் சந்தேகிக்கவேண்டும். போக்கஸ் செய்யும்போது அப்பேர்ச்சரை முழுதாகத் திறந்து, திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, கூர்மையைக் கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரவேண்டும். வாங்கமுன் டோர்ச் வெளிச்சத்தை லென்ஸுக்குள்ளால் அடித்துப் பார்த்தால் பங்கசு சிலந்தி வலை மாதிரித் தெரியும். எங்கள் ஈரக் காலநிலையில் அது முதல் எதிரி. சாய்வாக வைத்த அடிமட்டத்தைப் படம் எடுத்துப் போக்கஸ் எங்கே விழுகிறது என்று பார்க்கும் சோதனை, அன்றைய இலக்க அட்டைச் சோதனையேதான்.

ஜூலியாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. முதலில் ஒரு விவசாயியை மணிக்கு அரை கிரவுண் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தார். படம் விழுந்தது. பிறகு தகட்டின் ஈரப் பக்கத்தில் தன் கையாலேயே தடவி அதை அழித்துவிட்டார். 1864 ஜனவரி கடைசியில் ஆனி பில்பொட் என்ற சிறுமியின் படம் சரிவந்தது. அதைத் தன் முதல் வெற்றி என்று எழுதிவைத்தார். அதன்பின் நிறுத்தவே இல்லை.

தான் போக்கஸ் தவறவிட்டது ஆரம்பத்தில் தற்செயல் என்பதை அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். லென்ஸைத் திருகிக்கொண்டு வரும்போது கண்ணுக்கு அழகாகப்பட்ட ஒரு இடத்தில் கை நின்றுவிடும். மற்றவர்கள் கேட்கும் கூர்மை இன்னும் சற்றுத் தூரத்தில் இருக்கும், அங்கே அவர் போவதில்லை. லண்டன் ஒளிப்படச் சங்கத்தின் சஞ்சிகை அவரைக் கிழித்துப்போட்டது. கமராவைப் பிடிக்கத் தெரியாத பெண் என்ற தோரணையில் எழுதினார்கள். லூயிஸ் கரோலும் வேண்டுமென்றே தெளிவில்லாமல் எடுத்த படங்கள் என்று முகம் சுளித்தார். தகட்டில் கீறல், விரலடையாளம், உரிந்த கொலோடியன் எல்லாம் அப்படியே இருக்கும். நல்ல படம் என்றால் அதற்காக அவர் அதை எறிவதில்லை.

உண்மையில் அவருக்குத் தெரியாமல்தான் நடந்ததா? 1866இல் அவர் இன்னும் பெரிய கமரா வாங்கினார். 15க்கு 12 அங்குலத் தகடு, டால்மேயர் நிறுவனத்தின் 30 அங்குல ரப்பிட் ரெக்ரிலீனியர் லென்ஸ். அந்த வருடம்தான் சந்தைக்கு வந்த, ஜாமினைவிட நன்றாகத் திருத்தப்பட்ட லென்ஸ். அதிலும் முகங்கள் மென்மையாகத்தான் விழுந்தன. 1867இல் எடுத்த ஹேர்ஷலின் படத்தைப் பாருங்கள். வெள்ளை முடி கலைந்து பரந்து நிற்கும், இருட்டில் இருந்து கண்கள் மட்டும் எங்களை நோக்கி வரும். அது தவறி விழுந்த படம் அல்ல என்பதே என் எண்ணம். பழுதான லென்ஸ் சொல்லிக்கொடுத்ததை நல்ல லென்ஸிலும் அவர் தெரிந்தே செய்தார்.

கார்லைல், டார்வின், டெனிசன் எல்லோரும் அவர் முன்னால் பல நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்தார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்கள் மேரி ஹில்லியரும் மேரி ரையனும் கன்னி மரியாளாகவும் புராண நாயகிகளாகவும் இருந்தார்கள். வேலைக்காரர்கள் என்றாலும் அவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியும். 12 வருடங்களில் சுமார் 1,200 படங்கள், அவற்றில் 500க்கும் மேற்பட்டவற்றுக்குப் பதிப்புரிமை. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பல படங்களில் கையால் எழுதிய குறிப்பு.

பிறகு இலங்கை. 1869இல் இங்கே கோப்பி இலைத்துரு நோய் காணப்பட்டது. சில வருடங்களில் தோட்டங்கள் விழத் தொடங்கின, கமரூன் குடும்பத்தின் பணமும் கரைந்தது. 1875 ஒக்டோபரில் இருவரும் கப்பல் ஏறினார்கள். தேவைப்படும்போது இங்கே கிடைக்காமல் போகலாம் என்று சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள், பொருட்களை அதற்குள்ளேயே அடுக்கினார்கள் என்று சொல்வார்கள். மகன்கள் இங்கே தோட்டத்திலும் அரச சேவையிலும் இருந்தார்கள். களுத்துறையில் குடியேறினார்கள்.

இங்கிலாந்தில் 1,200 எடுத்தவரின் இலங்கைப் படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. காரணம் விளங்கக்கூடியது. ஈரக் கொலோடியன் என்றால் தகடு காயமுன் படமும் எடுத்துக் கழுவியும் முடித்துவிடவேண்டும். களுத்துறை வெக்கையில் கொலோடியனில் உள்ள ஈதர் எவ்வளவு நேரம் நிற்கும்? சுத்தமான தண்ணீர் கஷ்டம், இரசாயனங்கள் கப்பலில் வரவேண்டும்.

ஆனாலும் எடுத்தார். 1877இல் ஓவியர் மரியான் நோர்த் வந்து தங்கியபோது சால்வைகளைச் சுற்றி அவரைப் படம் எடுத்தார். நோர்த் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு இளைஞனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவனுடைய முதுகு சிற்பம் போல் இருந்ததாம். அதற்காகவே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனைச் சம்மதிக்கவைத்தாராம் ஜூலியா. வீட்டில் பூந்தோட்டமே இல்லை. அந்த இளைஞனுக்குத் தோட்டக்காரன் என்ற சொல்லின் அர்த்தமும் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலங்கைப் படங்களில் இருப்பவர்களில் சிலரைத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களின் காலம் அது. வழியில் கொலராவில் விழுந்தவர்கள் பலர். நடந்து வந்து சேர்ந்தவர்களில் சிலர்தான் அந்த லென்ஸுக்கு முன்னால் நின்றார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். பல படங்களில் இங்கிலாந்துப் படங்கள் மாதிரி முகம் தகட்டை நிரப்பவில்லை. ஆட்கள் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள், உடையும் கைகளும் நகைகளும் தெரிகின்றன. அழகாகத்தான் எடுத்திருக்கிறார். அவமதித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கீழே பெயர் இல்லை. இலங்கை, இளம் பெண், குடியானவர்கள், இவ்வளவுதான். செக்ரோலில் சம்பளத்துக்காகவாவது பெயர் பதிந்திருப்பார்கள். படத்தில் அதுவும் இல்லை.

எங்கள் ஊடகக் கற்கை வகுப்பில் ஹேர்ஷலின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். களுத்துறைப் படங்களை யாரும் காட்டவில்லை. 2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களோடு இருக்கும் தாய்மாரைப் பார்க்கும்போதுதான் அவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. அந்தப் பதாகைகளில் பல, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியவை. கண், மூக்கு எல்லாம் கலங்கிப்போயிருக்கும். ஆனால் கீழே பெயர் இருக்கும், பிறந்த திகதி இருக்கும், கடைசியாகக் கண்ட இடம் இருக்கும்.

1878இல் ஜூலியா சிறிது காலம் இங்கிலாந்து போய்த் திரும்பினார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். அடுத்த வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். ஜூலியாவின் மருமகள் முறையான ஜூலியா ஜக்சனின் மகள்தான் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ப். 1926இல் அவரும் ரொஜர் பிரையும் முன்னுரைகள் எழுதி வெளியிட்ட தொகுப்பு, மறந்துகொண்டிருந்த பெயரைத் திரும்பவும் கொண்டுவந்தது. தலைப்பே பிரபல ஆண்களையும் அழகிய பெண்களையும் பற்றியது.

1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர்கள் படம் ஒன்று இருக்கிறது. ஒரு முதியவர், ஒரு சிறுமி. மற்ற இலங்கைப் படங்களைவிட இதில் ஜூலியா சற்றுக் கூடுதலாக எழுதியிருக்கிறார். சிறுமிக்கு 12 வயது. முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்கிறார். நின்று விசாரித்திருக்கிறார், அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். வயதைக் கேட்டு எழுதியவர், பெயரை எழுதவில்லை.