மகாகனம் சாஸ்திரியாரின் சொற்கள்

ஒகேனக்கல்லில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரிகள் சிலருக்கு வார இறுதிகளில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். நூற்றுக்கணக்கான அருஞ்சொற்களைப் பொருளுடன் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒன்றை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால் தயங்குவார்கள். அவர்களுக்கு நான் மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் வாழ்க்கையைச் சொல்வதுண்டு. ஒகேனக்கல் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த நாளில், சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் அவர்.

1869-இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். ஆங்கிலம் அவருக்குப் பள்ளியில் வந்த மொழி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர், 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1919-இல் ரௌலட் மசோதாவை எதிர்த்துச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. 1921-இல் பிரிவி கவுன்சில் உறுப்பினரானார். 'மகாகனம்' அப்படி வந்த அடைமொழி. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராக இருந்தபோது அவர் முயற்சியால் எழுந்த சாஸ்திரி கல்லூரி, டர்பனில் இன்றும் இருக்கிறது.

மாணவர்களிடம் நான் விரித்துச் சொல்வது பதவிகளை அல்ல. காந்தியடிகளின் தன்வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940-இல் வந்த பதிப்புக்காக அதன் மொழியைத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார். தம் பெயர் வெளிவரலாகாது என்பது நிபந்தனை. அத்தனை சொல்வளம் உடையவர் கைபட்டும் அந்நூலின் நடை எளிமையாகவே நின்றது. எந்தச் சொல் மிகை, எது பொருளிலிருந்து நழுவுகிறது என்று காணும் கண்ணே சொல்வளம் என்பது என் கருத்து. பொருளியலில் 'நீட்', 'வான்ட்', 'டிமாண்ட்' மூன்றையும் 'தேவை' என்றே எழுதிய விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்தியவன் நான். வாங்கும் சக்தியோடு சேர்ந்த விருப்பமே 'டிமாண்ட்' என்று பிரித்தறியாதவனுக்கு விலைக் கோட்பாடு விளங்காது.

அதே 1940-இல், கலைச்சொற்களுக்கு நெறி வகுக்கும் சென்னை அரசின் குழுவுக்கு அவர் தலைவரானார். வடமொழிச் சார்பு மிகும் என்று தமிழறிஞர்கள் எதிர்த்தனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆங்கிலச் சொல்லின் எடையை அவ்வளவு நுட்பமாக அறிந்தவர், தம் மக்கள் எந்தச் சொல்லைத் தமதென்று ஏற்பார்கள் என்பதை அறியவில்லை. 1946 ஏப்ரலில் அவர் மறைந்தார். கலைச்சொல் வழக்கு அதன் பின்னும் நீண்டது.