மானுக்காக உருகிய உமறுப் புலவர்

பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டை ஒட்டிச் செல்லும் வெள்ளாறு, அரியலூர் மாவட்டத்தின் வடவெல்லை வழியே கிழக்கே ஓடிப் பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் தமிழ் முஸ்லிம்களின் பெருங்காப்பியமாகிய சீறாப்புராணம் அரங்கேறியது. அதைப் பாடியவர் உமறுப் புலவர்.

1642-ல் பிறந்தவராகச் சொல்லப்படும் உமறு, கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்று எட்டயபுரம் சமஸ்தானத்தின் புலவராக விளங்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காவியமாகக் காண விரும்பிய வள்ளல் சீதக்காதி அப்பணியை இவரிடம் ஒப்படைத்தார். செய்திகளைக் கேட்டறிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடியபோது, புலவரின் உடையையும் கோலத்தையும் கண்டு மகான் அவர்கள் முதலில் இணங்கவில்லையாம். புலவர் மனமுடைந்து அழுதார் என்றும், கனவின் வாயிலாக வழி திறந்தது என்றும் பெரியோர் சொல்வர்.

அரபு நாட்டைப் பாடும்போது அவர் கண்முன் நின்றது தமிழ்நாடே. கடல்நீரை முகந்த மேகம் மலையில் பொழிகிறது; வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது; நெல் விளைகிறது. மணற்காட்டில் நெல்லா என்று கேட்போர் உண்டு. மழையை ரஹ்மத் என்றே சொல்லும் குடும்பத்தாருக்கு அந்தக் கேள்வி எழாது. அருட்கொடை இறங்கிய மண்ணை உழவர் மக்களுக்கு வேறு எப்படிக் காட்டுவது?

உடும்பு பேசும் படலமும் இக்காப்பியத்தில் உண்டு. ஆனால் மனத்தை உருக்குவது, மானுக்குப் பிணை நின்ற படலமே. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் குட்டியை நினைத்து நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. அண்ணலார் தாமே பிணையாக நின்று அதை அனுப்பி வைக்கிறார்கள். போன மான் திரும்புமா என்று வேடன் எள்ளுகிறான். பாலூட்டிய மான், சொன்ன சொல் தவறாமல் குட்டியோடு வந்து நிற்கிறது! வேடன் இஸ்லாத்தைத் தழுவுகிறான். தாய் மானின் தவிப்பைப் புலவர் விரித்துப் பாடியிருப்பதைக் கேட்டால், பெற்றவள் எவளும் கண் கலங்காமல் இருக்கமாட்டாள்.

இந்நிகழ்ச்சியின் அறிவிப்புகள் பலவீனமானவை என்று ஹதீஸ் கலை வல்லார் சிலர் கூறியிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காப்பியத்தை ஹதீஸ் கிதாபாக எண்ணி ஓதலாகாது. எனினும், குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவைக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத் நூலில் இருக்கிறதே! புலவர் பாடிய இரக்கம் அந்த ஊற்றிலிருந்து வந்ததுதான்.

காப்பியம் முடியுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பேற்று ஆதரித்தார். 5027 பாடல்கள் பாடியும் நாயகத்தின் முழு வாழ்வு அதில் அடங்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். 1703-ல் மறைந்ததாகச் சொல்லப்படும் உமறுப் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் உள்ளது. ஓலைச்சுவடிகளில் இருந்த சீறாவை 1842-ல் அச்சேற்றியவர் செய்கப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் ஆவார்.