மூன்றாவது முறை பாஸ் செய்த மேதை

அரியர் விழுந்துவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று ஹாஸ்டல் மூலையில் முடங்கிக் கிடப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை பாஸ் செய்த ஒருவரின் கதை இது. பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானார். வறுமையிலும் அம்மா விடாப்பிடியாகப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே காந்தியடிகள் சொல்படி கதர் உடுத்தியது வெள்ளைக்கார சர்ஜரி பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். பட்டம்தான்.

கூடப் பிறந்தவரை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குப் பறிகொடுத்த துக்கம் வேறு. மருந்து கண்டுபிடித்தே தீருவது என்று இருபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டனில் இரவில் ஆஸ்பத்திரி எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. ஃபிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை 1929-ல் இருவரும் பிரித்தெடுத்தார்கள். அதே சமயம் ஜெர்மனியில் லோமானும் கண்டுபிடித்தார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை.

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் பலன் தந்தது! கூடப் பிறந்தவருக்குக் கிடைக்காத மருந்து, யார் யாருக்கோ கிடைத்தது.

அடுத்துதான் பெரிய விஷயம். செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. புற்றுநோய் செல்லோ கண்டபடி பெருகும் செல். ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் போலிப் பொருளைக் கொடுத்தால்? பூட்டுக்குள் கள்ளச்சாவி சிக்கிக்கொண்டால் நல்ல சாவி நுழையாதல்லவா? அதே கதைதான். அப்படி லெடர்லேயில் தயாரான அமினோப்டெரினை, பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகம்தான், ஆனால் அதுவரை அந்த நோய்க்கு நம்பிக்கை என்ற பேச்சே கிடையாது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகிறது. நம் ஊர் யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்தது 1948 ஜூனில். ஆகஸ்ட் 8-ல் சுப்பாராவ் காலமானார். வயது 53. போனவர் தாய்நாடு திரும்பவே இல்லை. மனைவி இங்கேயே காத்திருந்தார். அந்த விலையையும் நாம் மறக்கக் கூடாது. நோபல் பரிசும் வரவில்லை. 1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே, மூன்றாவது தடவை பரீட்சை எழுத அவர் வெட்கப்பட்டிருந்தால் இத்தனை மருந்தும் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள். யோசித்துவிட்டு, அந்த அரியர் பேப்பருக்குப் பணம் கட்டுங்கள்!